பெயர் அச்சிடாத பெட்டி

தம்பி,

நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். வாயும் இருந்தது, கோபமும் இருந்தது. அதற்குள் நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போகிறேன். துணியை எடுக்காமலே இறங்கி வருகிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது. உன் அப்பா அதைத் துடைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டு போகிறார். "வர்ற முகூர்த்தத்துல மலைக்கோயில்ல வெச்சுக் கட்டிக்கறோம்மா. நீ வரணும். ஆனா என் அம்மாவா மட்டும் வா. மாந்தோப்பு வீட்டம்மாவா வராத" என்றாய். இந்த இரண்டு பேரையும் எப்படிப் பிரிப்பதென்று நீயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதுகிறேன். எழுதும்போதாவது நீ குறுக்கே பேச மாட்டாய்.

நம் காவேரிப்பட்டினத்துத் தோப்பும் கிருஷ்ணகிரியில் இருந்த மாங்கூழ் ஃபாக்டரியும் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஒரு சீசனில் அனுப்பிய டின்கள் எல்லாம் ஊதிப்போய்த் திரும்பி வந்தன. அடுத்த சீசனுக்குள் பேங்க்காரர்கள் பூட்டுப் போட்டார்கள், அதன் பிறகு தோப்பும் ஏலத்தில் போனது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எனக்கு நகை போனதோ ஜீப் போனதோ பெரிதாக வலிக்கவில்லை. கிருஷ்ணகிரியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நம்மைப் பார்த்ததுமே யாராவது ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்கு ஓடுவார். பூட்டுப் போட்ட பிறகு நான் போன முதல் கல்யாணத்தில் யாரும் ஓடவில்லை. மண்டபத் தூண் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாப்பாட்டு ஹால் கதவோரம் கிடந்த நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவள், "கொஞ்சம் புள்ளயப் புடிச்சுக்கோங்கக்கா, சாப்பிட்டு வந்தர்றேன்" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் பந்தியில் இருந்து எழுந்து வருகிறவரை அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப முதல் வரிசையில் உட்காராமல் சாகமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நம் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் காய் இறங்கியதும், மண்டிக்கு லோடு போவதற்கு முன்னால், வேண்டப்பட்ட வீடுகளுக்கு ஆளுக்கொரு பெட்டி போக வேண்டும். டாக்டர் வீடு, ஸ்கூல் நடத்துகிறவர் வீடு, தாசில்தார் வீடு, கம்பெனி மேனேஜர் வீடு. இதற்கு விலையும் கிடையாது, கைமாறும் கிடையாது. பெட்டி வருகிறவரை அந்த வீடு நன்றாக இருக்கிறது என்று ஊர் நினைக்கும். பெட்டி நின்றால் அந்த வீட்டின் கதை முடிந்ததென்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள். ஓசூர் பக்கம் மத்திகிரியில் வாடகை வீடு பார்த்துச் சாமான் ஏற்றிய அன்று லாரியில் இடம் போதவில்லை. சோபாவை இறக்கிவிட்டு, தோப்புப் பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டிக் கட்டுகளை நான் ஏற்றினேன். உன் பாட்டி பெயரில் இருந்த தோப்பு அல்லவா, 'ராஜம்மாள் மாந்தோப்பு' என்று பச்சை எழுத்தில் பெரிதாக இருக்கும். "பழமே இல்லாம பெட்டிய வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப் போற?" என்று உன் அப்பா கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் என்னோடு சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

அந்த சீசனிலேயே முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் போனேன், தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று. கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்ததை ஒதுக்கி, மல்கோவாவும் அல்போன்சாவும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மோந்து பார்த்து வாங்கி வந்தேன். வீட்டில் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைத்து, நம் பெட்டியில் அடுக்கி, ஓசூரில் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்தந்த வீட்டுக்கு ஆட்டோவில் போய்க் கொடுத்தேன். "எங்க தோப்புப் பழங்க" என்றேன். ஆமாம், பொய்தான். ஆனால் பழம் நல்ல பழம். இப்படித்தான் கம்பெனி மேனேஜர் வீட்டுச் சுமா மேடம் எனக்குப் பழக்கமானார். அவரோடு பேசுவதற்காகத்தான் கன்னடம் கற்றுக்கொண்டேன். மேல்வீட்டு பெங்களூர்க்காரப் பெண்ணோடு தினம் பால் வாங்கப் போகும்போது நான்கு வார்த்தை, குழாயடியில் நான்கு வார்த்தை. ஒரு வருடத்தில் சுமா மேடம் வீட்டு நவராத்திரிக்கு எனக்குத் தாம்பூலம் வந்தது. அங்கே யாராவது கேட்டால், மத்திகிரியில் தற்காலிகமாக இருக்கிறோம் என்பேன். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை, வீட்டுக்காரர் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

சுமா மேடம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை நீ மறக்கவில்லை என்று போன மாதம் நாம் சண்டை போட்டபோதுதான் தெரிந்தது. நீயும் அப்பாவும் என்னோடு வந்திருந்தீர்கள். பரிசுப் பொருள்கள் வைத்திருந்த மேஜையில் நான் கொண்டுபோன பெட்டியை வைக்கப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. அதே பச்சை எழுத்து, அதே ராஜம்மாள் மாந்தோப்பு. ஏலத்தில் தோப்பை எடுத்த வெங்கடப்பா மண்டியில் நல்ல பேர் இருக்கிறதென்று பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார். அவரும் கம்பெனிக்கு லாரிகளை வாடகைக்கு விடுகிற வகையில் மேனேஜருக்கு வேண்டியவர். இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். சுமா மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "எரடூ ஒந்தே தோட்டதா?" என்று கேட்டார். இரண்டும் ஒரே தோட்டத்ததா என்று. வெங்கடப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஆமாங்க மேடம், ஒரே தோப்புதானுங்க. அந்தம்மா வீட்டுத் தோப்பு, நான் பாத்துக்கிட்டு இருக்கறேன், அவ்ளோதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. சுமா மேடம் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்னால் உட்கார வைத்தார். திரும்பிப் பார்த்தேன், அப்பா இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். எனக்கு நாற்காலியாகத் தெரிந்தது அவருக்குப் பிச்சையாகத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவர் என்னோடு வரவில்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை. கம்பெனி ஸ்டோர்ஸ் வேலைக்குப் போவார், வருவார், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பும்போது செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போவார். நீ அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். அவர் மௌனம் உனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. எனக்கு எப்படி இருந்ததென்று சொல்லட்டுமா? ஒரு நாளாவது "போகாத" என்று கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "நானும் வர்றேன்" என்று ஒரு நாள் சட்டையை மாட்டியிருந்தால், ஒருவேளை எனக்கு இவ்வளவு ஓட்டம் தேவைப்பட்டிருக்காது. இரண்டும் இல்லாமல் பதினைந்து வருடமாக நான் தனியாகவே ஆட்டோ பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இரு, குடிதண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தை வைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். வெங்கடப்பாவின் மனைவி லட்சுமம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு வருடா வருடம் தோப்பில் இருந்தே எனக்குப் பெட்டிகள் வர ஆரம்பித்தன, எங்கெங்கே கொடுக்க வேண்டுமோ நான் கொடுத்தேன். அதனால் அவர்களுக்கு ஓசூரில் பெரிய வீடுகளின் கதவு திறந்தது, எனக்குக் கதவு மூடாமல் இருந்தது. லட்சுமம்மா கெட்டிக்காரி. அவளுக்குத் தோப்பு இருந்தது, எங்கே எப்படிப் பேசுவதென்று தெரியாது. எனக்குப் பேசத் தெரியும், தோப்பு இல்லை. தை மாதம் ஒரு நாள் அவள், "நம்ம பொண்ணு ஒண்ணு இருக்கறா, ஒங்க பையன் ஒண்ணு இருக்கறான், தோப்பு யாருக்குங்க?" என்றாள். சரி என்று அந்த நிமிஷமே சொன்னேன். பையனைக் கேட்க வேண்டாமா என்று அவள்தான் கேட்டாள். என் பையன் என் பேச்சைத் தட்டமாட்டான் என்றேன். கேட்காமல் சொன்னது தப்பு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் பாட்டி வைத்த மரத்தடியில் உன் பிள்ளை விளையாட வேண்டும் என்று நினைத்ததில் என்ன கேவலம்?

போன மாதம் இதை உன்னிடம் சொன்னபோது, "என்னயக் குடுத்து தோப்ப வாங்கப் பாக்கறியாம்மா?" என்று கேட்டாய். கலைச்செல்வி பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். உன்னோடு ஃபாக்டரியில் அதே லைனில் வேலை செய்கிற பெண், சிப்காட் பக்கம் லைன் வீடு, அப்பா இல்லை, அம்மா ரோஜாப் பண்ணையில் பூ அடுக்குகிறாள் என்று நீ அடுக்க அடுக்க எனக்கு அந்தக் கல்யாண மண்டபத்துக் கதவோரம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அப்படிக் கத்தினேன். நீ பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் ரூமுக்குப் போய்விட்டாய்.

உனக்குத் தெரியாமல் நான் போன செவ்வாய்க்கிழமை கலை வீட்டுக்குப் போனேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் போனேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. அவள் அம்மா மதுரைப் பக்கத்துக்காரி. நான் வாசலில் செருப்பை விடுவதற்குள், "வாங்க மதினி, உள்ள வாங்க" என்றாள். யார் யாருக்கு மதினி என்று எனக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். விரலெல்லாம் முள் கீறின தழும்பு. எந்த ஊர் என்று கேட்டாள். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். தோப்பு, ஃபாக்டரிச் சங்கு, ஜீப், எத்தனை பேர் நம் வீட்டில் சாப்பிட்டார்கள், எந்தக் கலெக்டர் வந்தார், எல்லாம். இந்தக் கதையை நான் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லாரும் கண்ணை விரித்து, அப்படியா, பெரிய குடும்பம்தான் என்பார்கள். அதற்காகத்தான் சொல்வதே. இவள் முழுவதும் கேட்டுவிட்டு என் முழங்காலில் கையை வைத்தாள். "அம்புட்டும் போயி, எப்படி மதினி தாங்குனீக? ரொம்பக் கஷ்டப்பட்டுப் போயிருப்பீகளே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நம்பு, முதலில் கோபம்தான் வந்தது. லைன் வீட்டில் இருந்துகொண்டு இவள் எனக்குப் பரிதாபப்படுகிறாளா என்று. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன், வேண்டாம் என்று சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் மத்திகிரியில் இறங்க மறந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். கண்டக்டர் எழுப்புகிற மாதிரித் தோளைத் தட்டினான். நான் தூங்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். தோப்பு போனதற்கு நான் அதுவரை அழவே இல்லை, தம்பி. அழுதால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அழாமலே இருந்திருக்கிறேன். உன் அப்பாவுக்கு முன்னால்கூட அழவில்லை. எப்படித் தாங்கினாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்கிற மாதிரி நானும் நடந்துகொண்டதில்லை.

இன்னொன்று. நான் கிளம்பும்போது கலை பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். நீ சொல்வதுபோல் ரொம்ப அடக்கமான பெண், எதற்கும் ஆசைப்படாதவள் என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். பாதி வழியில், "அத்தை, உங்களுக்குக் கன்னடம் நல்லா வருமாம்ல? எனக்கும் சொல்லித் தாங்க. ஆபீஸ்ல மேல இருக்கறவங்கல்லாம் கன்னடத்துலதான் பேசறாங்க. நமக்குப் புரியலன்னா லைன்லயே நிக்க வேண்டியதுதான்" என்றாள். டிகிரி முடிக்க வேண்டுமாம். ஆபீஸ் பக்கம் போக வேண்டுமாம். பாகலூர் ரோட்டில் வரிசையாக வீடு கட்டுகிறார்களே, அதில் எது நல்ல முகப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னிடமிருந்து தப்பிக்க நினைத்து நேராக இன்னொருத்தியிடம் போய் மாட்டியிருக்கிறாயடா மகனே.

அதனால் உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், மற்றதெல்லாம் நீயாகவே கற்றுக்கொள்வாய். அவள் மேலே போக ஆசைப்படும்போது உன் அப்பா மாதிரி செருப்பை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடாதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சண்டை போடு. பிடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போ. சும்மா மட்டும் இருக்காதே. வீட்டில் இருக்கிறவன் சும்மா இருந்தால், ஆசைப்படுகிறவள் ஊரில் உள்ளவர்களைத்தான் துணைக்குப் பிடிப்பாள். எனக்கு அப்படித்தான் ஆனது.

நேற்று தோப்புக்கே போய் லட்சுமம்மாவிடம் இந்தச் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன். தோப்பு போனபின் அங்கே காலெடுத்து வைத்தது நேற்றுதான். அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் இன்றைக்கும் பால் பொங்கிவிடும். அவள் சத்தம் போடவில்லை. காபி கொடுத்தாள். "அப்பறம் இந்த சீசன்ல இருந்து பெட்டி வராதுங்கக்கா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். நினைக்க என்ன இருக்கிறது, அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆக இந்த வருடம் யார் வீட்டுக்கும் நம் பெட்டி போகாது. சுமா மேடத்துக்கும் போகாது. ஓசூருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்த வரியை அடித்துவிடலாமா என்று இரண்டு தடவை பேனாவைக் கொண்டுபோய்விட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனியில் மகளிர் சங்கத் தேர்தல் வருகிறது, தலைவி பதவிக்கு நான் நிற்கத்தான் போகிறேன். பெட்டி இல்லாமல் நின்று பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். உன் அம்மாவாக மட்டும்தான் வருகிறேன். ஆனால் மலைக்கோயிலில் இருபது பேர் வந்தாலும் சரி, முதல் வரிசையில் எனக்கு ஒரு இடம் வேண்டும், அதில் பேச்சே கிடையாது. பக்கத்தில் மதினிக்கும் ஒரு இடம் போடு. அப்பா பின்னால் நிற்கப் பார்ப்பார், கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வை.

இன்று காலையில் முதல் பஸ்ஸில் மண்டிக்குப் போய் வந்தேன். தலையில் முந்தானை போடவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர், "என்னங்கம்மா, தோப்பு இருக்கறப்ப நீங்க இங்க?" என்று கேட்டார். தோப்பு போய் ரொம்ப நாளாயிற்று என்றேன். மல்கோவா நன்றாக வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ராஜம்மாள் பெட்டி ஒரு கட்டு இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. அதைத் தொடவில்லை. மளிகைக் கடையில் வெறும் பெட்டி ஒன்று வாங்கி வந்து வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்து, திருப்பி வைத்தார். பிறகு அடுத்தது. கடைசிவரை இரண்டு பேரும் சேர்ந்துதான் அடுக்கினோம். ஆட்டோ கூப்பிட எழுந்தேன். "நீ இரு. நானே கொண்டுபோயிக் குடுக்கறேன்" என்று சட்டையை மாட்டினார். அவர் காத்துக்கொண்டிருக்கிறார், அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

அப்பா கையில் வருகிற இந்தக் கடிதம் உனக்கு. பெட்டி கலை வீட்டுக்கு, நீயும் அப்பாவும் சேர்ந்தே போய்க் கொடுங்கள். இரண்டு நாள் வைக்கோலிலேயே இருக்கட்டும், அப்புறம் வெட்டச் சொல். பெட்டியில் பெயர் எதுவும் இல்லை, எந்தத் தோப்புப் பழம் என்று மதினி கேட்பாள். தோப்பெல்லாம் இல்லை, எங்கம்மா மண்டியில வாங்கினது என்று சொல்.